வந்தா ஏத்து, போனா இறக்கு

ரயிலில் எங்காவது போக வேண்டியிருந்தால்தான் என் கைபேசிக்குள் டிக்கெட் செயலி வரும். டிக்கெட் எடுத்ததும் நீக்கிவிடுவேன். கரண்ட் பில் கட்டும் செயலிக்கும் இதே மரியாதைதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார், பில்லைக் கட்டுவார், போய்விடுவார். கைபேசியில் இடமில்லாமல் இல்லை. என் மகள் வாங்கிக் கொடுத்த புதுசு. மேடவாக்கத்தில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தையே அதற்குள் வைத்துவிடலாம் என்பாள். போன மாதம் நான் எதையோ நீக்கிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"அம்மா, ஆப் எல்லாம் என்ன வாடகைப் பாத்திரமா? யூஸ் பண்ணிட்டு கழுவித் திருப்பிக் குடுக்கறதுக்கு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மூக்கில் ஈரச் சாக்ஸ் வாசனை அடித்தது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் சுற்றிக்கொண்டு போய்ச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு முடிந்ததும் எனக்கு முதல் வேலை மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடிமேல் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் கிடைத்தது. வாசலை ஒட்டி எஸ்.டி.டி. பூத், உள்ளே கண்ணாடிக் கதவு போட்டு நாலைந்து கம்ப்யூட்டர்கள். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குக் கர்ப்பக்கிரக மரியாதை. செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே கம்பளம், ஏ.சி. மழைக்காலத்தில் முடிச்சூர் பக்கமிருந்து தண்ணீரில் நடந்து வரும் கல்லூரிப் பையன்கள் ஷூவைக் கழற்றிவிட்டு நனைந்த சாக்ஸோடு உள்ளே வருவார்கள். அத்தனை சாக்ஸையும் அந்தக் கம்பளம் குடித்து வைத்துக்கொண்டு, ஏ.சி. போட்டதும் திருப்பித் தரும். இருபத்திரண்டு வயதில் நான் நவீன விஞ்ஞானத்தின் வாசனை அதுதான் என்று நம்பியிருந்தேன்.

எனக்கு 'இன்சார்ஜ்' என்று பதவி. பாடம் எடுப்பது, தட்டச்சு செய்து கொடுப்பது, பூத்தில் உட்காருவது, கூட்டுவது எல்லாம் அதில் அடக்கம்.

உரிமையாளர் சேகர் சார். பீர்க்கன்கரணையில் ஒற்றை அறை வீட்டில் நாலு பேரோடு குடியிருந்தவர். பகலில் கட்டிலை மடித்துச் சுவரில் சாய்த்தால்தான் அங்கே சாப்பிட உட்கார முடியும் என்பார். ஹார்ட் டிஸ்க்கையும் அவர் அப்படித்தான் பார்த்தார். அப்போதைய ஹார்ட் டிஸ்க் எவ்வளவு சின்னது என்று இன்று சொன்னால் நம்பமாட்டீர்கள். தினமும் பயன்படுவது மட்டும்தான் உள்ளே குடியிருக்கலாம். மற்றதெல்லாம் இரும்பு அலமாரியில் ஃபிளாப்பியாகவும் சிடியாகவும் அடுக்கியிருக்கும். ஜாதகம் கணிப்பது, வீட்டு பிளான் போடுவது, தமிழ் எழுத்து, கணக்கு. ஆள் வந்தால் ஏற்ற வேண்டும், வேலை முடிந்ததும் நீக்கிவிட வேண்டும்.

"வந்தா ஏத்து, போனா இறக்கு. அவ்ளோதாம்மா" என்பார். எனக்கு வேலை கற்றுக் கொடுக்க அவர் சொன்ன ஒரே வாக்கியம் அது.

எனக்கு அது பிடித்திருந்தது. மூலையில் இருந்த கம்ப்யூட்டர் காலையில் கணக்குப்பிள்ளையாக இருக்கும், மதியம் ஜோசியராகும், சாயங்காலம் மேஸ்திரியாகிவிடும். போனவர் எங்கே போனார், வந்தவர் எப்படி உட்கார்ந்தார் என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். கார் ரேஸ் விளையாட்டு ஒன்றுக்குத்தான் நிரந்தரப் பட்டா. அதற்காகத்தான் பையன்கள் மாடி ஏறி வந்தார்கள்.

அலமாரியில் ஒரு சிடி இருந்தது. ஸ்பீக்கர் வாங்கியபோது கூடவே வந்தது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் கம்ப்யூட்டர் அதைப் படித்துக் காட்டும். திறப்பு விழா அன்று வந்தவர்களுக்கு வேடிக்கை காட்டியதோடு சரி. அது பிடிக்கும் இடம் அதிகம் என்பதால் சேகர் சாருக்கு அதன்மேல் மதிப்பில்லை. ஒருநாள் ஒரு மாணவி ஆங்கில உச்சரிப்பு கேட்க வேண்டும் என்றாள். ஏற்றினேன். அது கனத்த ஆண் குரலில் ஏதோ படித்துக்கொண்டிருந்தபோது, பூத்துக்கு வந்திருந்த ஒருவர் கண்ணாடிக் கதவில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பதைப் பார்த்தேன்.

ஐம்பது வயதிருக்கும். கழுத்தைச் சுற்றித் துண்டு. பக்கத்தில் மனைவி. அவர் மனைவியின் தோளைத் தட்டித் திருப்பி உதட்டை அசைத்தார். சத்தமே வரவில்லை. அந்தம்மாள் அவர் வாயைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"உள்ள யாரு டீச்சரம்மா பேசறது? ஆளக் காணமேன்றாரு."

"ஆள் இல்லம்மா. நாம எழுதறத கம்ப்யூட்டர் பேசும்."

அவர் துண்டை லேசாக விலக்கி, தொண்டைக் குழியில் இருந்த துளையைக் காட்டினார். பிறகு கம்ப்யூட்டரைக் காட்டினார். பிறகு தன் வாயை.

அவர் பெயர் ஏழுமலை. கடப்பேரியில் வீடு. வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரம் சந்தையில் பழைய மின்விசிறிகள் விற்பவர். தொண்டையில் கட்டி வந்து, ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மனைவி கன்னியம்மா அதுவரை நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர். இப்போது சந்தையில் கூவி விற்பதும் அவர்தான், வீட்டில் கணவருக்காகப் பேசுவதும் அவர்தான். "எனக்கும் சேத்து பேசினுகெடந்த மனுசன். இப்ப அவருக்கும் சேத்து நான் பேசறேன். வாய் நோவுதும்மா" என்றார்.

பூத்துக்கு அவர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவார்கள். ஒரே மகள் மல்லிகா நாக்பூரில் இருந்தாள். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. தலைப்பிரசவம். குழந்தை கீழே இறங்கியிருக்கிறது, படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தாய்வீட்டுக்கு வர முடியவில்லை. வீட்டுக்கார அம்மாள் தன் போனைக் கட்டிலருகே கொண்டுவந்து வைப்பாளாம், அதிலிருந்துதான் மல்லிகா எங்கள் பூத்துக்குக் கூப்பிடுவாள். இந்த நிலைமையில் அப்பாவின் ஆபரேஷனைச் சொன்னால் எழுந்து ஓடிவருவாள் என்று பயந்து கன்னியம்மா சொல்லவில்லை. ஒவ்வொரு வாரமும் அப்பா எங்கே என்று அவள் கேட்பாள். கூடவே உட்கார்ந்திருக்கும் கணவரைப் பார்த்துக்கொண்டே, "சந்தைக்குப் போய்க்கீறாரும்மா" என்பார் கன்னியம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பக்கத்திலேயே இருந்தேன். மகள் ஏதோ கேட்டவுடன் கன்னியம்மாவின் முகம் வெளுத்தது. போனை வைத்துவிட்டுச் சொன்னார்.

"'ஞாயித்துக்கெயம இன்னா சந்த?'ன்னு கேக்குது டீச்சரம்மா. 'அப்பா கீறாரா இல்லியா, நெசத்த சொல்லு. அடுத்த வாரம் அவரு கொரல் கேக்கலேன்னா ரயில் ஏறிடுவேன்'னுட்டு வச்சிடுச்சு."

ஏழுமலை என் மேஜைமேல் இருந்த சிடியை எடுத்து என் கையில் வைத்தார்.

அந்த வாரம் முழுக்க மதியவேளைகளில், பையன்கள் வராத நேரத்தில், எங்களுக்குக் கம்ப்யூட்டரை அவருக்காகப் பேச வைப்பதுதான் வேலை. கப்பலேறி வந்த வெள்ளைக்காரன் குரல் மாதிரி இருந்ததால் அவர் அந்தக் குரலுக்குத் 'தொர' என்று பெயர் வைத்தார். சிடியைப் போட்டதும் திரையில் ஒரு நீலப்பட்டை மெல்ல நகரும். அது முடிகிறவரை கண்கொட்டாமல் பார்ப்பார். முடிந்ததும் உதடு அசையும். "தொர வந்துட்டாரா?" என்பார் கன்னியம்மா.

தொரைக்குத் தமிழ் வராது. ஆங்கில எழுத்தைக் கோணல்மாணலாகக் கூட்டித்தான் அவர் வாயில் தமிழைப் புகட்ட வேண்டும். 'கண்ணு' என்பதற்கே ஒரு மதியம் போனது. இழுத்து, குறைத்து, எழுத்தை மாற்றி, கடைசியில் ஒரு எழுத்துக்கூட்டலில் அச்சாகச் சொன்னார். எனக்குக் கைதட்டத் தோன்றியது. நான் என்னவோ வானொலிச் செய்தி வாசிப்பாளர் மாதிரி சுத்தத் தமிழில் வாக்கியங்கள் தயாரித்துக் கொண்டுபோவேன். 'நான் நலமாக வாழ்கிறேன்' என்று ஒன்று. 'வாழ்' என்ற இடத்தில் தொரை சறுக்கி விழுந்தார். 'ழ' அவருக்குக் கடைசிவரை வரவேயில்லை. ஏழுமலை கையை ஆட்டி என்னை நிறுத்தினார்.

"எனக்கே அது வராதுன்றாரு" என்றார் கன்னியம்மா. "எம்பேரு ஏயுமல, அப்பிடியே போடு டீச்சருன்றாரு."

போட்டேன். தொரை பிசிறில்லாமல் 'ஏயுமல' என்றார். வாழைப்பழத்தை வாயப்பயம் என்றார். 'கீது' என்றார், 'வூடு' என்றார். எங்கள் வீட்டில் நான் பேசினால் அம்மா முறைக்கக்கூடிய தமிழ், தொரையின் வாய்க்குப் பாந்தமாகப் பொருந்திவிட்டது. ஏழுமலை சிரித்தார். தோள் குலுங்கும், துண்டுக்குள்ளிருந்து காற்று சீறும், அவ்வளவுதான் அந்தச் சிரிப்பு.

வேலை முடிந்ததும் நான் தொரையை நீக்குவேன். அதைப் பார்க்க அவருக்கு மனசு கேட்காது. ஒருநாள் கேட்டார், தொரை எங்கே போகிறார் என்று. எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். "எங்கயும் போகலண்ணா. அவர் இருந்த இடம் காலின்னு கம்ப்யூட்டர் குறிச்சு வெச்சிக்கும். வேற எதையாவது அங்க ஏத்தினாதான் நிஜமாவே அழிவார்" என்றேன். அவர் யோசித்துவிட்டு உதடசைத்தார்.

"சனிக்கெயம சந்தத் தெரு மாதிரின்றாரு. எடம் கீது, கட இல்ல."

சேகர் சார் இதையெல்லாம் கவுண்டரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "போறப்ப இறக்கிட்டியா?" என்று மட்டும் கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கன்னியம்மா பட்டுப்புடவையில் வந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. பூத் போனை ஒயரோடு இழுத்துக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு, சிடியைப் போட்டேன். நீலப்பட்டை நகர்ந்து பாதியில் நின்றது. இடம் போதவில்லை என்று செய்தி. முந்தின நாள் யாரோ ஒரு மாணவர் தன் ப்ராஜெக்டை அதில் ஏற்றி வைத்திருந்தார், திங்கட்கிழமை அவருக்குத் தேவை. அதைத் தொடக் கூடாது. மற்ற கம்ப்யூட்டர்களில் ஸ்பீக்கர் கிடையாது. நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

கன்னியம்மா எடுத்தார். நான் கையை ஆட்டி, இழு இழு என்று சைகை காட்டினேன். பாவம், அந்தம்மாள் வாழ்நாளில் பேசாத பேச்செல்லாம் பேசினார். மழையைப் பற்றிச் சொன்னார், சாக்கடை அடைத்துக்கொண்டதைச் சொன்னார், எதிர்வீட்டு நாய் குட்டி போட்டதைச் சொன்னார். சேகர் சார் வந்து போனில் இருந்த ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினார். மல்லிகாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"எம்மா, நீ இவ்ளோ பேசறன்னாலே இன்னாமோ நடந்துகீது. அப்பா எங்க?"

சேகர் சார் என் பக்கம் திரும்பினார். "கார் ரேஸ எடுத்துடும்மா."

"சார், பசங்க..."

"எடுன்றேன்ல."

எடுத்தேன். அதைத் திரும்ப ஏற்றுவதற்கான ஃபிளாப்பிகள் எப்போதோ பூசணம் பிடித்துப் போயிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியும். பட்டை மறுபடி நகரத் தொடங்கியது. அதற்குமேல் கன்னியம்மாவால் இழுக்க முடியவில்லை.

"அப்பா உசுரோடதான் கீறாரு மல்லி. தொண்டையில ஆபரேசன். கொரல எடுத்துட்டாங்கோ. தோ, பக்கத்துலதான் குந்தினுகீறாரு. அவரு சொல்றத மிசினு பேசும். பயப்படாத."

அதற்குள் தொரை வந்துவிட்டார். எங்கள் நல்ல கூட்டலை அடித்தேன். "கண்ணு. நான் அப்பா" என்றார் தொரை.

"யாரு இது?" மல்லிகாவின் குரல் உடைந்தது. "எம்மா, யார வச்சு பேசவக்கிற? அப்பா செத்துட்டாரு, அதான் இப்பிடிப் பண்றே."

ஏழுமலை மேஜையைத் தட்டினார். அது யார் தட்டியதாகவும் இருக்கலாமே. என்ன எழுதினாலும் அம்மா சொல்லிக் கொடுத்ததாகத்தானே அவளுக்குத் தோன்றும்? அவளே ஒரு வழி சொன்னாள்.

"அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சது ஒண்ணு கீது. அம்மாவுக்குத் தெரியாது. நான் எட்டாவது படிக்கசொல்லோ வூட்ல அண்டா காணாமப் போச்சே, அது எங்க போச்சு? அவர சொல்லச் சொல்லு."

கன்னியம்மா நிமிர்ந்தார். அது அவருடைய கல்யாணச் சீர், பித்தளை அண்டா. ஏழுமலை முதலில் என்னைப் பார்த்தார், பிறகு சேகர் சாரை. நாங்கள் இருவரும் அவர் உதட்டைப் படிக்கத் தெரியாதவர்கள். வேறு வழியில்லை. மனைவியின் பக்கம் திரும்பி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக அசைத்தார்.

கன்னியம்மாவின் முகம் போன போக்கை நான் சொல்லி முடியாது. பிறகு என்னிடம், பல்லைக் கடித்துக்கொண்டு, "போடு டீச்சரம்மா. நாந்தான் வித்தேன். உனக்கு சைக்கிள் வாங்க வித்தேன். போடு" என்றார்.

அடித்தேன். கூட்டல் சரியா தவறா என்று பார்க்க நேரமில்லை. 'அண்டா' கொஞ்சம் நசுங்கியது, 'வித்தேன்' இரண்டாக உடைந்தது. 'சைக்கிள்' மட்டும் தொரைக்குத் தாய்மொழி அல்லவா, கணீரென்று வந்தது.

நாக்பூரில் ஒரு விசும்பல். பிறகு, "அப்பா."

"எத்தினி வருசம்!" கன்னியம்மா வெடித்தார். "எத்தினி வருசமா பக்கத்து வூட்டு சரோஜாவத் திட்டினுகீறேன்! அவ மூஞ்சில முயிக்காம இருந்துகீறேன்! சந்தையில யாரோ பண்டமாத்துல குடுத்தான்னு சொன்னியே அந்த சைக்கிள!"

போனில் மல்லிகா அழுதுகொண்டே சிரித்தாள். ஏழுமலையின் தோள் குலுங்கியது. அவர் என் கையைத் தட்டி, ஏதோ சொன்னார். கன்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்துச் சொன்னார். நான் அடித்தேன்.

"அயுவாத கண்ணு" என்றார் தொரை. ஒரு பிசிறில்லை.

அன்றைக்கு அவர்கள் போனபின் வழக்கம்போல நீக்கப் போனேன். சேகர் சார் கவுண்டரிலிருந்து நிமிராமலே சொன்னார்.

"இருக்கட்டும்மா. இறக்காத."

கார் ரேஸ் போனதில் பையன்களில் பாதிப் பேர் ரயில்வே கேட் பக்கம் திறந்திருந்த வேறு சென்டருக்குப் போய்விட்டார்கள். பிரசவம் வரை ஞாயிறுதோறும் தொரை நாக்பூருக்குப் பேசினார். கன்னியம்மா சரோஜாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாராம். அந்தம்மாள் கதவைத் திறக்கவே இரண்டு தடவை போக வேண்டியிருந்ததாம்.

அடுத்த கோடையில் மல்லிகா கைக்குழந்தையோடு வந்தாள். தொரைக்குக் காட்ட வேண்டும் என்று குழந்தையை மாடிக்குத் தூக்கி வந்தார்கள். ஆனால் மல்லிகா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவில்லை. அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து அவர் வாயைப் பார்த்தாள், பதில் சொன்னாள், சண்டை போட்டாள். வந்த சில நாட்களிலேயே அவளுக்குப் பழகிவிட்டது. அதன்பிறகு தொரையைத் தேடி யாரும் வரவில்லை. டிஸ்க்கில் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எப்போதாவது நான் என் பெயரை அடித்து, அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு மூடுவேன்.

எனக்கு வேறு வேலை கிடைத்தது. சென்டர் மூடியது. அந்த மாடியில் இப்போது அழகு நிலையம். கீழே, எங்கள் எஸ்.டி.டி. போர்டு தொங்கிய இடத்தில் கைபேசிக் கவர்கள் தொங்குகின்றன. சேகர் சார் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. அந்தச் சிடியை யாரும் வைத்திருக்க வாய்ப்பில்லை. வைத்திருந்தாலும் போட்டுப் பார்க்க இன்று எந்தக் கம்ப்யூட்டரிலும் அதற்கு வாயில்லை. இன்றைய இயந்திரங்கள் 'ழ'வை என்னைவிட நன்றாகச் சொல்கின்றன.

மகள் கேலி செய்த வாரத்தின் கடைசியில், பால்கனிக்குச் செடி வாங்கப் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். மின்விசிறிகளுக்கு நடுவே மல்லிகா உட்கார்ந்திருந்தாள். என்னை அவள்தான் அடையாளம் கண்டாள். ஏழுமலை போய் வெகுநாளாயிற்று. கன்னியம்மா கொரோனா சமயத்தில். மாப்பிள்ளையோடு ஊருக்கே திரும்பி, கடையை அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு டீ சொன்னாள். ரொம்ப நாளாக எனக்குள் இருந்ததைக் கேட்டேன்.

"அப்பாவோட சொந்தக் குரல் எப்படி இருக்கும் மல்லிகா? நான் கேட்டதே இல்ல."

அவள் சொல்ல ஆரம்பித்து நிறுத்தினாள்.

"நெனச்சுப் பாத்தா தொர கொரல்தாங்கா வருது. அப்பா கொரல் வரமாட்டேங்குது."

"உன் கல்யாண வீடியோவுல இருக்குமே?"

"கீது. ஆனா அப்பா வர்ற எடம் பூரா பாட்டப் போட்டு வச்சிருக்கான் வீடியோக்காரன். எத்தினியோ தபா போட்டுப் பாத்துட்டேன். வாய்தான் அசையுது." டீயை என் கையில் கொடுத்தாள். "ஆனா இன்னா பேசறாருன்னு தெரியுதுக்கா. பந்தி வாசல்ல நின்னுகினு, போற வர்றவங்க எல்லார்கிட்டயும், சாப்ட்டு போங்கோ, சாப்ட்டு போங்கோன்னு சொல்லினுகீறாரு."